அப்பீல் போக கோர்ட் ஃபீஸ் கட்ட முடியவில்லையா? டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களில் சிவில் வழக்கில் தோற்று வெளியே வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறோம். பதில்களுக்கு அடிப்படை 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 33, கட்டளை 44 ஆகிய இரண்டும், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-உம். கட்டணம் கட்டாமல் அப்பீல் நடத்த அனுமதி கேட்கும் மனுக்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயத்தில்தான் அடிபடுகின்றன: நாள் கணக்கு, சொத்துப் பட்டியல். அவை இரண்டையும் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

அப்பீலுக்கு எவ்வளவுங்க கோர்ட் ஃபீஸ் ஆகும்?

அப்பீலில் எவ்வளவு தொகைக்குச் சண்டை போடுகிறீர்களோ, அந்தத் தொகைக்கு முதல் கோர்ட்டில் என்ன கட்டணமோ அதேதான் அப்பீலிலும். மதிப்பின் மேல் கணக்கிடும் வழக்குகளில் இது 100-க்கு 3 ரூபாய். 2017-க்கு முன்பு 7.50 ரூபாயாக இருந்தது. புரோநோட்டு வழக்கில் 8 லட்சத்துக்கு டிக்ரி (தீர்ப்பின்படி எழுதப்படும் கோர்ட் ஆணை) ஆகி, முழுவதையும் எதிர்த்து அப்பீல் போனால் 24,000 ரூபாய். அதில் 3 லட்சம் வாங்கியது உண்மை, மீதி 5 லட்சம்தான் பொய் என்றால் அந்த 5 லட்சத்துக்கு மட்டும் அப்பீல் போடலாம். கட்டணம் 15,000 ஆகக் குறையும்.

எல்லா வழக்குக்கும் மதிப்பின் மேல் கட்டணம் கிடையாது. கூட்டு அனுபவத்தில் இருக்கும் குடும்பச் சொத்துப் பாகப்பிரிவினைக்குக் கட்டணம் நிர்ணயத் தொகைதான். ஆகவே முதலில் பிராதின் (வழக்குப் போட்டவர் கொடுத்த மனுவின்) கடைசிப் பக்கத்தில் உள்ள கட்டணக் குறிப்பைப் பாருங்கள். சின்னத் தொகைக்காக மாதக்கணக்கில் மனு நடத்துபவர்களும் இருக்கிறார்கள், அது தேவையில்லாத அலைச்சல்.

பாப்பர் மனுன்னா என்ன? ஃபீஸை அப்படியே தள்ளுபடி பண்ணிடுவாங்களா?

ஏழை என்று சொல்லிக் கட்டணம் இல்லாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்கும் மனுதான் அது. 1976 திருத்தத்தில் 'பாப்பர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வறியவர்' என்று மாற்றினார்கள். கோர்ட்டு வராந்தாவில் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது. வழக்குப் போட கட்டளை 33, அப்பீலுக்குக் கட்டளை 44.

இது தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. கட்டணம் கட்டாமல் கதவு திறக்கும். கடைசியில் அந்தப் பணத்தை யார் தருவது என்பதைத் தீர்ப்பு சொல்லும். மனு ஏற்கப்பட்டால் வக்காலத்து ஸ்டாம்ப், நோட்டீஸ் அனுப்பும் பேட்டா ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. வக்கீல் ஃபீஸ் இதில் வராது. வக்கீலே இல்லாதவருக்குக் கோர்ட்டே ஒருவரை அமர்த்தலாம்.

எனக்கு மூணு மா நிலம் இருக்கே, நான் எப்படி ஏழைன்னு சொல்லிக்க முடியும்?

கையில் காசே இல்லாதவர்தான் வறியவர் என்று சட்டம் சொல்லவில்லை. இந்த அப்பீலுக்கான கட்டணத்தைக் கட்டப் போதுமான வசதி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் இரண்டு வகைச் சொத்து சேராது. ஒன்று, வழக்கில் இருக்கும் சொத்தே. இன்னொன்று, டிக்ரிக்காக ஜப்தி செய்யக்கூடாது என்று சட்டம் காப்பாற்றி வைத்திருக்கும் சொத்து.

வழக்கு அந்த மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தைப் பற்றியதே என்றால் கவலையில்லை. வேறு நிலம் என்றால் அது கணக்கில் வரும், ஏனென்றால் விவசாயியின் நிலத்துக்கு ஜப்தி விலக்கு கிடையாது. ஒரு ஏக்கர் நிலம் வில்லங்கம் இல்லாமல் உங்கள் தனிப்பட்டாவில் இருந்து, கட்டணம் 24,000 தான் என்றால் மனு நிற்பது கஷ்டம். அதே நிலம் பேங்க் அடமானத்திலோ, பிரிக்காத கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் நிலைமை வேறு. கோயில் குத்தகை நிலம் உங்கள் சொத்தே இல்லை, உங்களுக்கு இருப்பது சாகுபடி உரிமை. ஆனால் அதில் வரும் மகசூல் வருமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

2011-ல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னது: வேலை, ஓய்வூதியம் உட்பட மொத்த வருமானம், கடன் சுமை இல்லாமல் காசாக்கக்கூடிய சொத்து, மொத்தக் கடன், குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் செய்யும் உதவி.

தாலி, பாத்திரம், மாடு எல்லாம் கணக்குல சேருமா?

சேராது. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, பெண்கள் சமய வழக்கப்படி கழற்றக்கூடாத நகை, விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 60-ல் ஜப்தி விலக்குப் பெற்றவை. கூலியும் அப்படியே. தாலி சேராது என்பதற்காக வளையலும் ஆரமும் சேராது என்று நினைத்துவிடாதீர்கள்.

சேராத பொருளையும் பட்டியலில் எழுதிவிட்டு, பக்கத்தில் 'ஜப்தி விலக்கு உள்ளது' என்று குறிப்பதே நல்லது. எழுதாமல் விட்டால், குறுக்கு விசாரணையில் அதையே மறைத்ததாகக் காட்டுவார்கள்.

புள்ளை சிங்கப்பூர்ல சம்பாதிக்கிறான். அதைச் சொல்லணுமா?

மகன் சம்பாத்தியம் உங்கள் சொத்து ஆகாது. ஆனால் அவர் மாதாமாதம் உங்கள் கணக்கில் பணம் போட்டால் அது உங்கள் வசதியில் சேரும். குடும்ப உதவியையும் கோர்ட் பார்க்கும் என்று மூன்றாம் கேள்வியில் சொன்னோம். எவ்வளவு அனுப்புகிறார், அது எதற்குச் செலவாகிறது என்று நேராக எழுதிவிடுங்கள்.

கேஸ் போட்டது அவங்க. நான் பிரதிவாதி. நானும் கேக்கலாமா?

கேட்கலாம். அப்பீல் போட உரிமையுள்ள எவரும் கேட்கலாம் என்றுதான் கட்டளை 44 சொல்கிறது.

எத்தனை நாளுக்குள்ள போடணும்?

இங்கேதான் நிறைய பேர் விழுகிறார்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டுக்கோ, சப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து ஜில்லா கோர்ட்டுக்கோ போனால் 30 நாள். கட்டணம் கட்டிப் போடும் அப்பீலுக்கும் அதே 30 நாள்தான். ஐகோர்ட்டுக்குப் போனால் கதை மாறுகிறது. கட்டணம் கட்டிய அப்பீலுக்கு 90 நாள், வறியவர் மனுவுக்கு 60 நாள்தான். '90 நாள் இருக்கு, பொறுமையா வாங்க' என்று யாரோ சொன்னதைக் கேட்டு 75-ஆம் நாள் மனுவோடு போனால் கால தாமதம் ஆகிவிட்டிருக்கும். செகண்ட் அப்பீலுக்கும் இதே 60 நாள் கணக்குதான்.

தீர்ப்புச் சொன்ன நாளையும், நகல் எடுக்க ஆன நாட்களையும் கழித்துக்கொள்ளலாம். நகலைத் திருப்பினால் பின்பக்க முத்திரையில் தேதிகள் வரிசையாக இருக்கும்: மனுச் செய்த நாள், நகல் கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். ஓர் உதாரணம்: மார்ச் 3-ல் தீர்ப்பு. மார்ச் 5-ல் நகலுக்கு மனு. 10-ஆம் தேதி கட்டணம் கேட்டு போர்டில் ஒட்டினார்கள், அன்றே கட்டினீர்கள். 18-ல் நகல் தயார். மார்ச் 5 முதல் 18 வரை 14 நாள் கழியும். 30 நாள் கெடு ஏப்ரல் 2-ல் முடிவதற்குப் பதில் ஏப்ரல் 16 வரை நீளும். போர்டைப் பார்க்காமல் 14-ஆம் தேதி கட்டியிருந்தால் அந்த 4 நாள் உங்கள் தாமதம், கழிக்க விடமாட்டார்கள். 18-ல் தயாரான நகலை 25-ல் போய் வாங்கினாலும் அந்த இடைப்பட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான். தீர்ப்புச் சொன்ன மறுநாளே நகலுக்கு மனுப் போடுங்கள், போர்டைப் பார்த்துவரச் சொல்லி யாரிடமாவது பொறுப்பு கொடுங்கள்.

மே மாத விடுமுறையில் கெடு முடிந்தால் கோர்ட் திறக்கும் முதல் நாள் போடலாம், அடுத்த நாள் கூடாது. கெடு தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டும். ஐகோர்ட்டில் 60 தாண்டி 90-க்குள் இருந்தால் கட்டணத்தைப் புரட்டிக் கட்டி சாதாரண அப்பீலாகவே போடும் வழியும் இருக்கிறது.

எங்க ஊருக்கு ஐகோர்ட் மதுரையா, சென்னையா?

தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் என்றால் சென்னை. கும்பகோணத்துக்காரருக்கு மதுரை, பக்கத்தில் இருக்கும் மயிலாடுதுறைக்காரருக்குச் சென்னை. கீழ்க்கோர்ட் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே கட்டணச் சட்டம் தனி. ஆகவே முதல் பதிலில் சொன்ன விகிதத்தை அங்கே பயன்படுத்தாதீர்கள். கட்டளை 33, 44 இரண்டும் அங்கேயும் உண்டு.

மனுவோட என்னென்ன வைக்கணும்?

வறியவர் மனு, அப்பீல் மெமோ (தீர்ப்பு ஏன் தப்பு என்று சொல்லும் அப்பீல் மனு) இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். மனுவை மட்டும் போட்டுவிட்டு அனுமதி கிடைத்ததும் அப்பீல் எழுதிக்கொள்ளலாம் என்பது தப்பு. தீர்ப்பு, டிக்ரி நகல்கள் வேண்டும். மனுவின் உயிர் சொத்துப் பட்டியலில் இருக்கிறது: அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாம், ஒவ்வொன்றுக்கும் உத்தேச மதிப்போடு, கையெழுத்தும் உறுதிமொழியும் இட்டு.

'நகை கொஞ்சம் உண்டு' என்று எழுதினால் கேள்விமேல் கேள்வி வரும். இப்படி எழுதுங்கள்: 'தோடு ஒரு ஜோடி, 4 கிராம், கூட்டுறவுச் சங்கத்தில் அடமானம், கடன் அட்டை நகல் இணைப்பு. கறவை மாடு ஒன்று, பிழைப்புக்கு. குடியிருக்கும் ஓட்டு வீடு, நான் விவசாயக் கூலி, ஜப்தி விலக்கு. வங்கி இருப்பு இவ்வளவு, பாஸ்புக் நகல் இணைப்பு.' நெல் விற்ற காசு கொள்முதல் நிலையத்திலிருந்து நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. சம்பா அறுவடை முடிந்த நேரத்தில் மனுப் போடுபவரின் பாஸ்புக்கில் 80,000 தெரியும். அது பயிர்க்கடனுக்கும் அறுவடை மெஷின் வாடகைக்கும் போக வேண்டிய பணம் என்றால், கடன் ரசீதைக் கூடவே வையுங்கள். விளக்கம் இல்லாத இருப்புத் தொகைதான் மனுவைக் கெடுக்கிறது.

இ-சேவை மையத்தில் வாங்கும் தாசில்தார் வருமானச் சான்று, குடும்ப அட்டை, சிட்டா, வில்லங்கச் சான்று, முதியோர் ஓய்வூதியம் வாங்கினால் அந்த ஆணை ஆகியவை கூடுதல் பலம். வருமானச் சான்று மட்டும் போதாது. அது வருமானத்தைச் சொல்லும், சொத்தைச் சொல்லாது.

நானே நேர்ல வரணுமா? எழுபத்தெட்டு வயசாச்சு.

மனுவை விண்ணப்பதாரரே நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. வக்கீல் குமாஸ்தா கையில் கொடுத்து அனுப்பினால் அதையே காரணமாகக் காட்டித் தள்ளலாம். பல பேர் சேர்ந்து போட்டால் ஒருவர் வந்தால் போதும். கோர்ட்டில் ஆஜராவதிலிருந்து விலக்குப் பெற்றவர் அதிகாரம் பெற்ற ஒருவரை அனுப்பலாம், ஆனால் அவர் எல்லா முக்கியக் கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கீழ்க்கோர்ட்டுலயே பாப்பராதான் நடத்துனேன். திரும்பவும் விசாரணையா?

வேண்டாம். டிக்ரி தேதிக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். எதிர்தரப்போ அரசு வழக்கறிஞரோ அது உண்மையில்லை என்று மறுத்தால்தான் விசாரணை. வழக்கு நடந்தபோது கட்டணம் கட்டியவர், தீர்ப்புக்குப் பிறகுதான் நொடித்துப்போனார் என்றால் விசாரணை உண்டு.

விசாரணையில என்ன கேப்பாங்க?

முதல் விசாரணையைப் பொதுவாகக் கோர்ட்டின் சிரஸ்தார் (அலுவலகத் தலைமை ஊழியர்) செய்வார், நீதிபதி அதை ஏற்கலாம் அல்லது தானே விசாரிக்கலாம். எதிர்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் முழுதாகப் பத்து நாளாவது இடைவெளி விட்டு நோட்டீஸ் போகும். அரசு வழக்கறிஞர் கலெக்டர் வழியாக அறிக்கை கேட்பார், அது தாசில்தாரிடமிருந்து வி.ஏ.ஓ. மேசைக்கு வந்து சேரும். இந்த அறிக்கை வராமல்தான் வாய்தா நீளும். வி.ஏ.ஓ.விடம் உங்கள் பட்டியல் நகலைக் கொடுத்து வையுங்கள், அவர் எழுதுவதும் நீங்கள் எழுதியதும் முரண்படக் கூடாது.

கேள்விகள் சாதாரணமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் எங்கே, டூவீலர் யார் பேரில், வீட்டு மின் இணைப்பு யார் பேரில், வக்கீலுக்கு யார் பணம் கொடுத்தது. சத்தியம் செய்து சொல்லும் பதில் பொய் என்று நிரூபணமானால், மனு போவதோடு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229-ன் கீழ்ப் பொய்ச்சாட்சிக் குற்றமும் வரலாம்.

போன மாசம்தான் ஒரு மனையை வித்தேன். பிரச்சினையா?

மனுவுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள், மோசடியாகவோ இந்த மனுவுக்காகவே ஏழையாகத் தெரிவதற்காகவோ விற்றிருந்தால் மனு தள்ளுபடி. மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்றதென்றால் பில், பத்திரம் எல்லாம் வைத்து நேராகச் சொல்லுங்கள். அந்த மனை விலையைச் சேர்த்துப் பார்த்தாலும் நீங்கள் வறியவர்தான் என்றால் இந்தக் காரணத்துக்காகத் தள்ள முடியாது.

'செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன், ஜெயிச்சா பாதி நிலம் குடு'ன்னு ஒருத்தர் சொல்றார்.

எழுதிக் கொடுத்தீர்களானால் மனு அதோடு போயிற்று. வழக்குச் சொத்தில் வேறு ஒருவருக்குப் பங்கு தரும் ஒப்பந்தமும், வழக்குச் செலவை வேறொருவர் ஏற்கும் ஒப்பந்தமும் தனித்தனியே தள்ளுபடிக்குக் காரணங்கள். அனுமதி கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அனுமதியை ரத்து செய்வார்கள்.

தீர்ப்புல எனக்கு ரெண்டு லட்சம் குடுக்கச் சொல்லியிருக்கு. பத்தலைன்னு அப்பீல். ரெண்டு லட்சம் இருக்கேன்னு மனுவைத் தள்ளுவாங்களா?

அந்தப் பணம் கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2024-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இதே காரணத்தால் மறுக்கப்பட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கச் சொன்னது. தீர்ப்பில் எழுதியிருக்கும், கைக்கு வராத தொகை வறுமையைப் போக்கிவிடாது. டெபாசிட் ஆகி நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்றால் அது கணக்கில் வரும். மனு நடக்கும்போதே ஏதாவது சொத்து வந்து சேர்ந்தாலும் அப்படியே.

மனு போட்டுட்டேன். இனிமே ஜப்தி வராதுல்ல?

வரும். அப்பீல் போட்டதாலோ வறியவர் மனு போட்டதாலோ டிக்ரி நிற்காது. ஸ்டேவுக்குத் தனி மனு வேண்டும். பண டிக்ரி என்றால் தொகையைக் கட்டச் சொல்லியோ ஜாமீன் கேட்டோ நிபந்தனை போடலாம். கோர்ட் ஃபீஸ் விலக்கு அந்த நிபந்தனைக்குப் பொருந்தாது. மனு விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும், எதிரி அதற்குள் நிறைவேற்று மனு போட்டுவிடுவார். முதல் நாளே ஸ்டே மனுவையும் சேர்த்துக் கொடுங்கள்.

மனுவைத் தள்ளிட்டா அப்பீலே போச்சா?

போகாது. தள்ளும்போதே கட்டணத்தைக் கட்ட அவகாசம் கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கொடுத்த தேதிக்குள் கட்டினால் முதல் நாளே கட்டிய மாதிரி கணக்கு, கால வரம்புப் பிரச்சினை எழாது. அந்த அவகாசத்தை உங்கள் வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காதவருக்குக் கிடைக்காமலும் போகலாம். இரண்டாவது தடவை அதே மனுவைப் போட முடியாது. அதனால்தான் முதல் பட்டியலையே ஒழுங்காக எழுதச் சொல்கிறோம்.

ஜெயிச்சா, தோத்தா ஃபீஸ் யார் கட்டுறது?

ஜெயித்தால் கட்டணத்தைக் கணக்கிட்டு, யார் தர வேண்டும் என்று டிக்ரியில் எழுதுவார்கள். பெரும்பாலும் எதிர்தரப்பு. அந்தத் தொகைக்கு வழக்குச் சொத்தின் மேல் அரசுக்கு முதல் உரிமை இருக்கும், ஆகவே அது தீரும்வரை சொத்தை விற்க நினைக்காதீர்கள். தோற்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும். டிக்ரி நகல் கலெக்டருக்குப் போகும், நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். எதிர்தரப்பின் செலவுத் தொகையும் தனியாக வரும். பாதியில் வாபஸ் வாங்கினாலும் கட்டணம் உங்கள் தலையில் விழும். ராஜியாகப் போகிற எண்ணம் இருந்தால் ஊர்ப் பெரியவர்கள் முன் பேசி முடித்து வாபஸ் வாங்காமல், லோக் அதாலத்தில் வைத்துத் தீர்வு எழுதி, கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

இதுக்குப் பதிலா லீகல் எய்டு போகலாமா?

பலருக்கு அதுவே முதலில் பார்க்க வேண்டிய வழி. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வெள்ளம், வறட்சி, புயலால் பாதிக்கப்பட்டவர்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் தகுதியானவர்கள்தான், கடற்கரை ஊர்க்காரர்கள் இதை மறக்க வேண்டாம். வக்கீலோடு கோர்ட் கட்டணம், பேட்டா செலவையும் சட்ட உதவியில் கேட்கலாம். தாலுகா கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் குழு, ஜில்லா கோர்ட்டில் மாவட்ட ஆணைக்குழு, ஐகோர்ட்டில் தனிக் குழு. போனில் கேட்க 15100. ஆனால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே மனுக் கொடுத்ததும் அது நிற்காது.

அண்ணன் தம்பி மூணு பேர் சேர்ந்து அப்பீல். ஒருத்தர் மட்டும் வாத்தியார் வேலையில இருக்கார்.

சேர்ந்து போட்டால் மூன்று பேர் பட்டியலும் வேண்டும். ஒருவருக்கு வசதி இருந்தால் அவர் கட்டலாமே என்று கோர்ட் கேட்கும். தீர்ப்பின் காரணம் எல்லோருக்கும் பொது என்றால் ஒருவர் மட்டும் அப்பீல் போட சட்டத்தில் இடம் உண்டு. வாத்தியாரை ஒதுக்கி வைத்துவிட்டு வசதியில்லாத தம்பியை முன்னே நிறுத்தியதாகத் தெரிந்தால் ஏற்பது சந்தேகம். கட்டணம் ஆளுக்கு 5,000 தான் வருகிறது என்றால் கட்டிவிடுவதே மேல்.

அவங்கதான் அப்பீல் போட்டிருக்காங்க. தீர்ப்புல ஒரு பகுதி எனக்கும் எதிரா இருக்கு. நான் ஃபீஸ் இல்லாம ஆட்சேபம் சொல்லலாமா?

சொல்லலாம். குறுக்கு ஆட்சேப மனுவுக்கும் வறியவர் விதிகள் பொருந்தும் என்று கட்டளை 41 விதி 22-லேயே இருக்கிறது. அப்பீல் விசாரணைத் தேதி குறித்த நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், ஆகவே நோட்டீஸ் கவரைத் தூக்கிப் போடாமல் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.